பறக்கும் பலகைக்கு முன் மிதக்கும் அங்கி



நமது செய்திமடலின் இந்த நலவாழ்வுப் பக்கத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்திரோல், முழங்கால் வலி என்று எழுதுவதே வழமை. இம்முறை ஒரு கடல் விளையாட்டைப் பற்றியும் அதற்கு வாங்கும் சாமான்களைப் பற்றியும் எழுதப் போகிறேன். "சாமான் வாங்குவதற்கும் சுகநலத்துக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கக்கூடும். கடந்த கோடையில் என் மகள், காற்று இழுத்துச் சென்ற ஒரு பலகையின்மேல், போர்ட் பிலிப் குடாவில் நாற்பது நிமிடங்கள் படுத்துக் கிடந்தாள். நீச்சல் தெரியாத நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எங்களைக் கைவிட்டது ஏறக்குறைய ஐம்பது டொலர் பெறுமதியான ஒரு கயிறு. அதனால்தான் எழுதுகிறேன்.

இது என்ன விளையாட்டு?

சென் கில்டா, அல்டோனா போன்ற கடற்கரைகளுக்குக் காற்றுள்ள நாட்களில் போனவர்கள் கண்டிருப்பீர்கள். ஒருவர் கையில் பெரிய வௌவால் போன்ற ஓர் இறக்கையைப் பிடித்திருப்பார். அவர் நிற்கும் பலகை தண்ணீரில் படாமல், அதற்கு மேலே வழுக்கிக்கொண்டு போகும். சத்தமே இராது. இதுதான் விங் ஃபொயிலிங். 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஹவாயின் மௌயி தீவில் உருப்பெற்று, சில ஆண்டுகளுக்குள் உலகமெங்கும் பரவிவிட்டது.

இதற்கு மூன்று சாமான்கள் உண்டு. முதலாவது, கையில் பிடிக்கும் இறக்கை. சைக்கிள் ரியூப்புக்கு அடிப்பதுபோல அதன் முன்விளிம்புக்குக் காற்றடிக்க வேண்டும். இரண்டாவது பலகை. மூன்றாவது, பலகையின் அடியில் பூட்டும் ஃபொயில். இது ஒரு நீண்ட தண்டும், அதன் அடியில் சிறிய விமானம் போன்ற முன்சிறகும் பின்சிறகும் சேர்ந்தது. வேகம் கூடும்போது விமானத்தின் இறக்கை காற்றில் எழும்புவதைப் போல முன்சிறகு தண்ணீருக்குள் எழும்பும். பலகையையும் ஆளையும் தூக்கும்.

உடலுக்கு இது நல்ல பயிற்சி. கால், இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் வேலை செய்யும். சமநிலை பழகும். அதைவிடப் பெரிய நன்மை, கைத்தொலைபேசியைக் கரையில் வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் பிள்ளை வெளியில் நிற்பது. பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கமும், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. ரியூஷனும் கணினியுமாக இருக்கும் எங்கள் வீடுகளில் இதைச் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறேன்.

நாங்கள் விட்ட பிழை

பதினேழு வயதான என் மகள் பாடசாலை நண்பிகளோடு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, எனக்கும் பழக வேணும்" என்றாள். கடையில் விசாரித்தேன். புதிதாக ஒரு முழுத்தொகுதி நாலாயிரம் டொலருக்குக் குறையாது என்றார்கள். நான் நம்மவர்களின் வழக்கப்படி இணையத்தில் மலிவாகத் தேடினேன். ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து 900 டொலருக்குத் தந்தார். "பழகுகிறவர்களுக்கு அருமையான சாமான்" என்றும் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியாது. பளபளப்பாக இருந்தது, காபன் என்றார், மலிவு என்றார், வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "எவ்வளவு குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்கள். என் மாமி மட்டும் வேறு கேள்வி கேட்டார். அவர் முல்லைத்தீவுக் கரையில் பிறந்து வளர்ந்தவர். 2004 மார்கழி ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலில் கால் நனைத்ததில்லை. சாமான்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில எது பிள்ளை மிதக்கும்?" என்றார். "எல்லாம் மிதக்கும் அம்மம்மா" என்று மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்தப் பலகை 65 லீற்றர் கொள்ளளவு உடையது. மகளின் எடை 58 கிலோ. முன்சிறகு 850 சதுர சென்ரிமீற்றர். நன்றாகத் தேர்ந்தவர்கள் வேகமாகப் போவதற்குரிய ஒடுங்கிய நீளச் சிறகு. மூன்று வார இறுதிகள் அவள் விழுந்தெழும்பியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பலகையில் முழங்காலில்கூட நிற்க முடியவில்லை. கணுக்காலுக்கு மேலே சிறகின் விளிம்பு வெட்டி நாலு தையல். "எனக்கு இது வராது அப்பா" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். உண்மையில் வராதது சாமானால்தான். சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பந்தயச் சைக்கிளை வாங்கிக் கொடுத்தது நான்.

நாலாம் வாரம், நல்ல வெயில் நாள், வடக்கிலிருந்து காற்று. அல்டோனாக் கரையில் தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அல்டோனாக் கரை தெற்குப் பக்கம் பார்த்தது. வடகாற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் அலையே இராது. அதனால் பாதுகாப்பான நாள் என்று நினைத்தோம். உண்மையில் அதுதான் ஆகக் கூடாத நாள். சிறிது நேரத்தில் அவள் நூறு மீற்றருக்கு அப்பால் போய்விட்டாள். விழுந்தபோது கையில் கட்டியிருந்த பழைய கயிற்றின் ஒட்டுப்பட்டி கழன்றது. இறக்கை காற்றோடு போய்விட்டது. இனிக் கரைக்கு வர வழியில்லை. அவள் அணிந்திருந்தது சாமான்களோடு இனாமாக வந்த, அடிபடாமல் காக்கும் மெல்லிய அங்கி மட்டுமே. நல்ல காலமாகப் பலகையின் கயிறு அறவில்லை. அவளும் பலகையை விடவில்லை.

நான் 000க்கு அழைத்தேன். நீர்ப் பொலிஸாருக்கு அறிவிப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் சிறிய மீன்பிடிப் படகில் போய்க்கொண்டிருந்த ஒரு வியட்நாமியப் பெரியவர் அவளைக் கண்டு ஏற்றிக்கொண்டு வந்தார். நான் நன்றி சொல்ல வார்த்தையில்லாமல் நின்றேன். அவர் கையைக் கடல் பக்கம் நீட்டி, "காற்றுப் பிழை, இன்றைக்கு இறங்கக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமி ஏசவில்லை. "என்ன காத்து?" என்று கேட்டார். வடகாற்று என்றேன். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நாலு காற்றையும் பெயர் சொல்லி வாழ்ந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். ஊரில் வாடை குளிரும். இங்கே வடகாற்று உள்நாட்டுப் பாலைநிலத்தின் வெக்கையைக் கொண்டுவரும். அவ்வளவுதான் வித்தியாசம். கடலில் இறங்குமுன் காற்றைப் பார்க்க வேண்டும் என்ற அறிவை நாங்கள் விமானம் ஏறும்போதே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

என் கருத்து

இப்படி ஒன்று நடந்தால் நம் வீடுகளில் வழமையான முடிவு, "இனிக் கடல் பக்கமே போகக்கூடாது" என்பதுதான். நானும் இரண்டு வாரம் அப்படித்தான் சொன்னேன். அது பிழை என்று இப்போது நினைக்கிறேன். கடலும் ஆறும் சூழ்ந்த இந்த நாட்டில், தண்ணீருக்குப் பயந்து வளரும் பிள்ளை என்றைக்கோ ஒருநாள் நண்பர்களோடு போய் ஆயத்தமில்லாமல் இறங்கத்தான் போகிறது. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய சமூகங்களின் நீர்ப் பாதுகாப்பில் தனிக் கவனம் வேண்டும் என்று ரோயல் லைஃப் சேவிங் அமைப்பும் தொடர்ந்து சொல்லிவருகிறது.

நாம் விடும் பிழை இரண்டு வகை. ஒன்றில் "வேண்டாம்" என்போம். அல்லது பிள்ளை மனம் கோணக்கூடாதென்று, மற்ற வீட்டாருக்குக் குறையாமல், தெரியாத சாமானை வாங்கிக் கொடுப்போம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது காசைச் செலவழிக்கும் ஒழுங்கை மாற்றுவது. முதலில் உடம்பில் கட்டுவதை வாங்குங்கள். இரண்டாவது பயிற்றுநருக்குக் கொடுங்கள். மூன்றாவதாகத்தான் பலகையும் ஃபொயிலும் இறக்கையும். மலிவு பார்ப்பதானால் மூன்றாவதில் பாருங்கள்; முதலிரண்டிலும் பார்க்காதீர்கள்.

மாமியின் கேள்விக்குச் சரியான பதில் இதுதான்: பலகை மிதக்கும், இறக்கையும் மிதக்கும். ஆனால் கயிறு அறுந்தால் இரண்டும் காற்றோடு போய்விடும். மிச்சமிருப்பது பிள்ளையின் உடம்பில் கட்டியிருப்பது மட்டுமே.

முதலாவது: உடம்பில் கட்டுவது

மிதவை அங்கி. அவுஸ்திரேலியத் தர எண் ஏ.எஸ். 4758 என்ற முத்திரை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். 50 என்ற தரம் நன்றாக நீந்தக்கூடியவர்களுக்கு, கைகளை அசைத்து விளையாட வசதியானது. 100 என்ற தரத்தில் கழுத்துப்பட்டி இருக்கும். முகத்தை மேலே வைத்திருக்க உதவும். 'இம்பக்ற் வெஸ்ற்' என்று விற்கும் அங்கிகள் அடிபடாமல் காப்பதற்கானவை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவற்றுட் பல, மிதவை அங்கியாகச் சான்று பெற்றவை அல்ல. நான் ஏமாந்த இடம் இது.

தலைக்கவசம். தண்ணீர் விளையாட்டுக்குரிய ஈ.என். 1385 தரத்தில் வாங்குங்கள். சைக்கிள் ஹெல்மெற் இதற்கு உதவாது. விழும்போது பலகையோ ஃபொயிலோ தலையில் படலாம். பாவித்த தலைக்கவசத்தை வாங்கவே வேண்டாம். முன்பு அடிபட்டதா என்று வெளியில் தெரியாது.

சப்பாத்தும் உடையும். ஃபொயிலின் விளிம்பு கத்தி போன்றது. றப்பர் அடியுள்ள நீர்ச் சப்பாத்தும், காலை முழுதாக மூடும் வெற்சூட்டும் பல வெட்டுக்காயங்களைத் தடுத்துவிடும். மெல்பேர்ணில் கோடைக்கு 3/2 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். குளிர்காலத்துக்கு 4/3 வேண்டும்.

இரண்டு கயிறுகள். பலகைக்கு ஒன்று, இறக்கைக்கு ஒன்று. பாவித்த சாமான் வாங்கினாலும் இவ்விரண்டையும் புதிதாக வாங்குங்கள். ஒட்டுப்பட்டி உப்பிலும் வெயிலிலும் பிடிப்பை இழந்துவிடும்.

இவையெல்லாம் சேர்ந்து, நான் வாங்கிய விலையில், ஒருவருக்கு 500 டொலர் அளவில் முடிந்தது. என் கணக்கில் இது கைவைக்கக் கூடாத காசு.

இரண்டாவது: பயிற்றுநர்

முதல் இரண்டு மூன்று வகுப்புகளைப் பயிற்றுநரிடம் எடுங்கள். சாமான் அவர்களே தருவார்கள். தனியாகப் படித்தால் செலவு கூட. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தால் குறையும். விழுவது எப்படி, ஃபொயிலை உதைத்துத் தள்ளிவிட்டு எழும்புவது எப்படி, காற்று நின்றால் இறக்கையைப் பலகையில் வைத்துக் கையால் வலித்துக் கரைக்கு வருவது எப்படி என்பதையெல்லாம் காணொளியில் பார்த்துப் பழக முடியாது. வகுப்புக்குப் பிறகு, "என் மகளின் எடைக்கு என்ன அளவு சரி?" என்று அவரையே கேளுங்கள். நான் 900 டொலரைக் கொடுக்குமுன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமே இருந்திராது.

இன்னொரு மலிவான வழியும் உண்டு. துடுப்புப் பலகை, அதுதான் நின்றுகொண்டு வலிக்கும் காற்றடிக்கும் பலகை, இப்போது பல வீடுகளில் கிடக்கிறது. ஃபொயில் இல்லாமல் அதன்மேல் நின்று இறக்கையை மட்டும் பிடித்துப் பழகலாம். அடியில் நடுத்துடுப்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காற்றோடு பக்கவாட்டில் இழுபடும். காற்றைப் பிடிக்கவும் விடவும் கை பழகிவிட்டால் ஃபொயிலில் விழும் எண்ணிக்கை குறையும். விழுவது குறைந்தால் காயமும் குறையும்.

மூன்றாவது: பலகையும் மற்றவையும்

இவற்றைப் பாவித்ததாக வாங்கலாம். இவ்விளையாட்டில் ஆட்கள் ஓராண்டுக்குள் சிறிய பலகைக்கு மாறிவிடுவார்கள். ஆகவே பழகுநர்களின் பெரிய பலகைகள் நல்ல நிலையில் விற்பனைக்கு வரும். மெல்பேர்ணில் கோடை முடியும் பங்குனி, சித்திரை மாதங்களில் தேடுங்கள். கடைகளிலும் போன வருட மாதிரிகளை விலை குறைத்துக் கொடுப்பார்கள்.

பலகை: ஆளின் எடையோடு 30 முதல் 40 வரை கூட்டுங்கள். அந்த எண் லீற்றர் கணக்கில் பலகையின் கொள்ளளவு. 58 கிலோ மகளுக்கு 90 முதல் 100 லீற்றர். 82 கிலோ எனக்கு 115 முதல் 120 லீற்றர். குடும்பத்துக்கு ஒன்றுதான் என்றால் கூடிய எடை உள்ளவருக்கு ஏற்றதை வாங்குங்கள். எடை குறைந்தவர் பெரிய பலகையில் பழகலாம்; பெரியவர் சிறிய பலகையில் பழக முடியாது. காற்றடிக்கும் பலகை விலை குறைவு, விழுந்தால் நோகாது, கார் டிக்கியில் அடங்கும். விறைப்புச் சற்றுக் குறைவுதான். ஆனால் பழகும் காலத்துக்குப் போதும். கடினப் பலகை வாங்கினால் ஃபொயில் பூட்டும் இடத்தைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா, அழுத்தினால் அமிழ்கிறதா என்று விரலால் பாருங்கள். அங்கே தண்ணீர் புகுந்தால் திருத்தும் செலவு பலகையின் விலைக்கு வந்துவிடும்.

ஃபொயில்: அலுமினியத் தண்டு போதும், காபன் வேண்டியதில்லை. 70 முதல் 75 சென்ரிமீற்றர் நீளம் பழகுநர்க்கு நல்லது. முன்சிறகு பெரிதாக, அகன்றதாக இருக்கட்டும். 58 கிலோ ஆளுக்கு 1400 முதல் 1700 சதுர சென்ரிமீற்றர், 80 கிலோ ஆளுக்கு 1700 முதல் 2000 என்ற அளவுகள் பொருந்தும். பெரிய சிறகு மெதுவான வேகத்திலேயே தூக்கும். மெதுவாகத் தூக்கினால் மெதுவாக விழலாம்.

வாங்குமுன் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் துருவேறா உருக்கோடு சேர்ந்திருக்கும் அலுமினியம் அரிக்கப்பட்டு, இரண்டும் இறுகிவிடும். கழற்ற முடியாத ஃபொயில் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். தண்டைப் பலகையில் பூட்டும் நாலு திருகாணிகளின் இடைவெளி பெரும்பாலும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. ஆனால் தண்டோடு சிறகைப் பூட்டும் இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆகவே உதிரிப்பாகம் கடையில் கிடைக்கும் பெயரையே வாங்குங்கள். பாவித்தபின் நல்ல தண்ணீரில் கழுவி, கழற்றி, திருகாணிகளுக்குக் கிறீஸ் பூசி வைத்தால் பல வருடம் வரும்.

இறக்கை: 15 முதல் 20 நொட் காற்றில் 80 கிலோ ஆளுக்கு 5 சதுர மீற்றர், 58 கிலோ ஆளுக்கு 4 சதுர மீற்றர் பொருந்தும். குள்ளமான பிள்ளைக்குப் பெரிய இறக்கை கொடுத்தால் அதன் நுனி தண்ணீரில் குத்தி விழுத்தும். பாவித்ததை வாங்கும்போது துணியைக் கையால் கசக்கிப் பாருங்கள். புதிய துணி சரசரக்கும். வெயிலில் கிடந்த துணி பழைய சேலை போலத் துவளும். காற்றை முழுதாக அடித்து ஒரு மணித்தியாலமாவது வைத்துப் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் வந்த வழியே திரும்புங்கள்.

இந்த மூன்றையும் நாங்கள் பின்னர் பாவித்ததாக 1,800 டொலருக்கு வாங்கினோம். பழைய தொகுதியை, தேர்ந்தவர்களுக்குரியது என்று உண்மையைச் சொல்லி, 700 டொலருக்கு விற்றோம். இரண்டாம் சனிக்கிழமையே மகள் பலகையில் எழுந்து நின்றுவிட்டாள்.

இறங்குமுன் பார்க்க வேண்டியவை

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் பழகுநர் இறங்கவே கூடாது. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கரைக்குச் சரிவாக வீசும் காற்றே நல்லது. மெல்பேர்ணில் வெக்கையான வடகாற்று நாட்களில் திடீரென்று தென்மேற்குப் பக்கம் காற்றுத் திரும்பிப் பலமாக வீசுவது உங்களுக்குத் தெரியும். வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே வீட்டிலிருந்து புறப்படுங்கள்.

போர்ட் பிலிப் குடாவில் ஏறக்குறையப் பாதிப் பரப்பு 8 மீற்றருக்கும் குறைந்த ஆழம். கரையோரத்தில் மணல்திட்டுகள் உண்டு. ஃபொயில் தரையில் தட்டினால் ஆள் முன்னால் எறியப்படுவார். நெஞ்சளவு தண்ணீர் வரும்வரை நடந்தே போக வேண்டும். குளிப்பவர்கள் நிற்கும் இடத்துக்குக் கிட்டப் போகக் கூடாது. கரையில் ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்ன நடந்தாலும் பலகையை விட்டு நீந்த வெளிக்கிடக் கூடாது.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு சொல். எங்கள் தெற்காசிய உடல்வாகுக்கு, பருமன் அதிகமில்லாவிட்டாலும் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்புக் கூட. பல வருடம் உடற்பயிற்சி இல்லாமல் இருந்தவர்கள் முதலில் குடும்ப வைத்தியரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்களுக்குத் தண்ணீரில் நிற்கும்போது சீனி இறங்கினால் ஆபத்து. தனியே இறங்க வேண்டாம். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெட்டுப்பட்டாலும் அறியமாட்டார்கள். அவர்கள் சப்பாத்தில்லாமல் இறங்கக்கூடாது. கரையேறியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

வெட்டுப்பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஆழமென்றால் அன்றே வைத்தியரிடம் காட்டி, ஏற்பு ஊசி போட்ட காலத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தலையில் பலமாக அடிபட்டவர் அன்றைக்கு மீண்டும் இறங்கக் கூடாது. தலையிடி கூடினால், சத்தியெடுத்தால், தடுமாறினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

1,800 டொலரும் பல குடும்பங்களுக்குச் சின்னக் காசில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு குடும்பம் இந்தச் சாமானை வாரத்தில் இரண்டு மணித்தியாலம் பாவித்தால் அதிகம். மிச்ச நேரம் கராஜில் தூங்கும். மூன்று நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கினால் ஒரு வீட்டுக்கு ஐந்நூறு, அறுநூறு டொலரோடு முடியும். ஊரில் நாலு பேர் சேர்ந்து வள்ளமும் வலையும் வாங்கித் தொழில் செய்ததில்லையா? கரையில் பார்த்துக்கொண்டிருக்க ஆளும் கிடைக்கும். அதுதான் கூட்டாக வாங்குவதன் பெரிய இலாபம்.

அதோடு, தமிழ்ப் பாடசாலை நூலகத்தில் புத்தகம் இரவல் எடுப்பதுபோல, சங்கத்தில் ஓர் அலுமாரி நிறைய மிதவை அங்கிகளை வைத்து இரவல் கொடுக்கலாம் என்பது என் யோசனை. விங் ஃபொயிலிங் செய்யாத வீடுகளும் மீன்பிடிக்கவும் ஆற்றங்கரைச் சுற்றுலாவுக்கும் போகின்றன. அவர்களுக்கும் உதவும். பெற்றோருக்கு நீச்சல் வகுப்பு ஒழுங்குசெய்வதையும் அடுத்த செயற்குழு ஆலோசிக்கட்டும்.

நான் நாற்பத்தொன்பதாவது வயதில் உள்ளூர் நீச்சல் தடாகத்தில் சேர்ந்தேன். முதல் வாரம் ஆறு வயதுப் பிள்ளைகளோடு பக்கத்தில் நின்று குமிழி விட வெட்கமாக இருந்தது. இன்று நிற்காமல் 50 மீற்றர் நீந்துவேன். மகளைக் காப்பாற்ற அது போதாது. ஆனால் தண்ணீரைக் கண்டு திகைத்து நிற்கமாட்டேன்.

மாமி இன்னும் கடலில் கால் நனைப்பதில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் எங்களோடு வந்து கரையில் கதிரை போட்டு இருக்கிறார். மகள் இறங்குமுன் அவரிடம் போய் நிற்பாள். அவர் அங்கியின் பட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். பிறகு, "என்ன காத்து?" என்று கேட்பார். மகள் பதில் சொன்ன பிறகுதான் பலகை தண்ணீருக்குப் போகும்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். சிந்திப்போம், செயற்படுவோம். அடுத்த இதழில் சந்திப்போம்.